இமையில் ஒட்டிய சுணை

என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது அவள் கண் இமையில் பேன் பிடித்தது. தலையில் இல்லை, இமையில். இதைச் சொன்னால் இப்போதும் யாரும் நம்புவதில்லை. "கண்ணுல எங்கேர்ந்து பேன் வரும், சும்மா இருங்கக்கா" என்பார்கள். யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். முதல் பதினைந்து நாள் அதைச் சுணை என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெல் விளையும் ஊர்க்காரர்களுக்குச் சுணையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெல்மணியிலும் தாளிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முள் இருக்கும். அறுக்கும்போது அது காற்றில் கிளம்பிவிடும். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, ரோட்டின் இரண்டு பக்கமும் வயல். தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் வயலில் மெஷின் ஓடும் புழுதி அடுப்படி வரை வரும். துவைத்துக் காயப்போட்ட துணியில் சுணை, தலையணையில் சுணை, சோற்றில்கூடச் சுணை. ஊரே கழுத்தைச் சொறியும், முழங்கை மடிப்பைச் சொறியும், கண்ணைக் கசக்கும். ஏன் சொறிகிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அறுப்பு முடிந்தால் அரிப்பும் முடிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் அறுவடை மெஷின் டிரைவர். சுணையிலேயே குளித்து எழுகிற ஆள். எங்கள் ஊர் வயலில் ஓட்டுகிற நாளில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அடிபம்பில் இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் பாயை விரித்து மல்லாந்து படுப்பார். உடனே பாப்பா எங்கே இருந்தாலும் ஓடிவந்து அவர் நெஞ்சின் மேல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொள்வாள். அவருக்கு நெஞ்சு நிறைய முடி. "கரடி வந்தாச்சு, போ" என்று நான் கேலி செய்வேன். அந்த முடியை விரலில் சுற்றிச் சுற்றிக்கொண்டே அவள் தூங்கிப்போவாள். அவர் மூச்சு விடும்போதெல்லாம் அவள் மேலே எழும்பிக் கீழே இறங்குவாள். சாப்பிட்ட எச்சில் கை காயக் காய நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த மதியங்கள் உண்டு. என் கல்யாண வாழ்க்கையில் ஏதாவது ஒரு நேரத்தைத் திருப்பித் தா என்று சாமியைக் கேட்கலாமென்றால், அந்த அரை மணி நேரத்தைத்தான் கேட்பேன்.

மாசி பிறந்தபோது பாப்பா கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். இமை முடியின் அடியில் தவிடு தூவினதுபோல் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. "கண்ணைக் கழுவி அனுப்புங்கம்மா, சுணை ஒட்டியிருக்கு" என்று பால்வாடி டீச்சரே சொல்லியனுப்பினார். கழுவினேன். குளிர்ச்சிக்கு நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டினேன். விளக்கெண்ணெய் தடவினேன். பக்கத்து வீட்டுக்காரி தாய்ப்பால் பீய்ச்சிவிட்டாள். கசக்குவது நிற்கவில்லை. கடைத்தெரு டாக்டர் கண்வலி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார். இமை ஓரம் சிவந்து தடித்ததுதான் மிச்சம். காலையில் எழுந்தால் கன்னத்தில் துருத்தூள்போல் பழுப்பாக என்னமோ உதிர்ந்து கிடக்கும்.

நான் பொறுமைசாலி இல்லை. ஒரு நாள் காலை அவளைப் பிடித்து வாசற்படியில் உட்கார வைத்து, முகத்தை வெயிலுக்குத் திருப்பி, "அசையாம இருக்கணும், அசைஞ்சா அடி" என்று மிரட்டிவிட்டு, ஒட்டியிருந்ததை நகத்தால் எடுக்கப் பார்த்தேன். சுணை என்றால் தண்ணீர் பட்டதும் போய்விட வேண்டும். இது முடியோடு பசை போட்டதுபோல் இருந்தது. இழுத்தால் முடிதான் வந்தது. வேர்ப்பக்கம் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது. அதைச் சுரண்டினேன். அது மெதுவாக நகர்ந்து அடுத்த முடியைப் பிடித்துக்கொண்டது. சுணைக்குக் கால் இருந்தது.

அலறிவிட்டேன். பாப்பாவும் சேர்ந்து அலறினாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து பார்த்துவிட்டு மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து ஒற்றலாம் என்றாள். நல்லவேளையாக அதை மட்டும் செய்யவில்லை. அடுத்த பஸ்ஸில் தஞ்சாவூருக்குக் கிளம்பினேன். அவர் வயலில் இருந்தார். போய்ச் சொல்லக்கூட இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு டாக்டரம்மா, ஏறக்குறைய என் வயதுதான். தாடையை ஊன்றிப் பார்க்கிற கருவியில் பாப்பா உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தாள். என் மடியில் வைத்துக்கொண்டு நான் அவள் தலையைப் பிடித்துக்கொள்ள, அந்தம்மா பார்த்தார். பிறகு என்னையும் அதில் பார்க்கச் சொன்னார். வயல் வரப்பில் நண்டு பார்த்தவள் நான். அதே நண்டுதான், அரிசிக் குருணையைவிடச் சின்னதாக. இமை முடியின் அடியை இரண்டு பக்கமும் கொடுக்கால் கவ்வி, என் குழந்தையின் ரத்தத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முடியில் ஒட்டியிருந்த வெள்ளையெல்லாம் அதன் முட்டை.

"இது தலைப் பேன் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "இது பெரியவங்க உடம்பு முடியில இருக்கற பேன். குழந்தைங்களுக்கு அந்த மாதிரி முடி கிடையாதே, அதனால வந்து ஏறிச்சுன்னா இமையிலதான் தங்கும்."

அதற்குப் பிறகு மெதுவாகச் சில கேள்விகள் கேட்டார். குழந்தை யாரோடு தூங்குகிறாள், யார் குளிப்பாட்டுகிறார்கள், என்னைத் தவிர வேறு யாரிடமாவது விட்டுவிட்டுப் போவேனா. அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்கு மூன்றாவது கேள்வியில்தான் உறைத்தது. வீட்டில் மாமனார் இருக்கிறார், கொழுந்தன் இருக்கிறான். அந்த ஐந்து நிமிஷத்தில் என் வீட்டு ஆண்களையெல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டேன். டாக்டரம்மா குழந்தையைத் தனியறையில் முழுக்கப் பரிசோதித்தார். அவளிடம் விளையாட்டாக நிறையப் பேச்சுக் கொடுத்தார். வெளியே வந்து என் தோளில் கை வைத்து, "பயப்படாதீங்க, வேற ஒண்ணும் இல்ல. ஆனா கேட்டுத்தான் ஆகணும், அதான் கேட்டேன். இது பெரும்பாலும் பக்கத்துல படுக்கறதுலயும் போர்வையிலயும்தான் ஒட்டிக்கிட்டு வரும்" என்றார். நான் அழுதேன். பாப்பா என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

பிறகு சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. "அதுக்கு அம்மா இருக்கா?" என்று பாப்பா கேட்டாள். "இருக்கு, அதையும் எடுத்துட்டேன்" என்றார் டாக்டரம்மா. கண்ணுக்கென்றே வருகிற வழுவழுப்பான களிம்பு ஒன்றைக் கொடுத்தார். ஒரு நாளைக்கு மூன்று வேளை இமை ஓரத்தில் கெட்டியாகப் பூச வேண்டும், அது மூடிக்கொண்டால் பேன் மூச்சு முட்டிச் செத்துவிடும், தப்பிய முட்டை பொரித்தாலும் அதுவும் போய்விடும் என்றார். பேன் மருந்து, மண்ணெண்ணெய் எதுவும் கண் பக்கமே வரக்கூடாது. பன்னிரண்டாம் நாள் திரும்பக் காட்ட வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு உடம்பில் தடவ ஒரு லோஷன். போர்வை, பாய்விரிப்பு, துணியெல்லாம் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். கடைசியாக அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "லோஷன் போட்டு, துணியெல்லாம் அலசிட்டீங்கன்னா மறுநாள்லேர்ந்து எப்பவும் போல இருக்கலாம்மா. குழந்தைய யாரும் ஒதுக்க வேண்டாம்."

திரும்பி வரும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டிருந்தது. அந்த கேட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், போட்டால் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. இன்ஜின் முன்னே போகும், பின்னே வரும். பஸ்ஸை அணைத்துவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். பாப்பா மடியில் தூங்கினாள், இமையெல்லாம் களிம்பு. பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. பெரியவர்கள் உடம்பு முடி. பக்கத்தில் படுக்கிறவர்கள். பொங்கலுக்கு முன்னால் மார்கழி முழுக்க மெஷினோடு விழுப்புரம் பக்கம் போயிருந்தவர் யார்? வந்த நாள் முதல் நெஞ்சைச் சொறிந்துகொண்டே இருந்தவர் யார்? சுணை, சுணை என்று சொன்னவர் யார்? போர்வை என்றும் டாக்டரம்மா சொன்னாரே என்பது நினைவுக்கே வரவில்லை. மனிதர் எங்கேயோ போய்ப் படுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அந்த கேட்டிலேயே முடிவு செய்துவிட்டேன். கேட் திறப்பதற்குள் சொல்ல வேண்டிய பொய்யும் தயாராகிவிட்டது.

அவர் சாயங்காலம் வந்தார். விஷயத்தைச் சொன்னேன், லோஷனை முன்னால் வைத்தேன். "பாப்பாவ நீங்க தூக்கக் கூடாதாம். கிட்டயே போகக் கூடாதாம். டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க."

"எத்தன நாளைக்கு?"

"அவங்க சொல்ற வரைக்கும்."

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன், அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் லோஷன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்கிட்டேர்ந்தா புள்ளைக்குப் போச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் வெந்நீர் போடப் போய்விட்டேன். லோஷனை நானும் தடவிக்கொண்டேன், வீட்டில் எல்லாரையும் தடவச் சொன்னேன். இரண்டு நாள் முழுக்க அண்டா அண்டாவாகத் துணி வேகவைத்தேன். அந்த நாட்களில் அவருக்குச் சோறு போட்ட தட்டை நான் தரையில் வைத்த சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மதியம் வந்தால் அவர் கூடத்துக்குள் வரமாட்டார். கொல்லைப்பக்கம் சாப்பிட்டுவிட்டு மாட்டுக் கொட்டகையோரம் துண்டை விரித்துப் படுப்பார். பாப்பா நிலைப்படியில் நின்று "அப்பா, மேல" என்று கூப்பிடுவாள். "கண்ணு சரியாவட்டும்டா" என்று அங்கேயிருந்தே கையை ஆட்டுவார். அவள் அழுவாள். நான் மேலே போட்டுத் தட்டினால், "உன் மேல எலும்பா இருக்கு" என்று இறங்கிவிடுவாள். பன்னிரண்டு நாளும் அவள் மதியத்தில் தூங்கவில்லை. அவரும் தூங்கவில்லை. கொட்டகையோரம் படுத்தபடி அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார், எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ சலூனுக்குப் போய் வந்து வாசலில் நின்றார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலை மொட்டை, மீசை இல்லை, நெஞ்சிலும் கையிலும் ஒரு முடி இல்லை. "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று தெருவில் கேட்டவர்களிடம் வைத்தீஸ்வரன் கோயில் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"இப்ப தூக்கலாமா?" என்றார்.

அந்த மொட்டைத் தலையையும் வழித்த நெஞ்சையும் பார்த்தேன். ஆனாலும் சொன்னேன். "டாக்டர் இன்னும் சொல்லல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் தானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்று நானும் பாப்பாவும் மட்டும் கிளம்பினோம். அன்றைக்கும் கேட் போட்டிருந்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில் இரண்டு வயதுப் பையனோடு ஒரு பெண். பையன் ஓயாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன கண்ணுல?" என்றேன்.

"சுணைங்கக்கா. இவங்க அப்பா அறுவடை மெஷின்ல ஓடறாரு. அவரு சட்டையிலேர்ந்து ஒட்டிக்கும்."

நான் கேட்கக்கூட இல்லை, பையனின் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இமை அடியில் அதே தவிடு, அதே பழுப்புப் புள்ளி. எந்த மெஷின் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் ஓட்டுகிற அதே மெஷின்தான், மாற்று டிரைவரின் மனைவி அவள். நான் யாரென்று சொன்னேன். மார்கழியில் அவள் புருஷனும்தான் விழுப்புரம் போயிருந்தான்.

"பனி தாங்கலன்னு அங்க யார்கிட்டயோ பழைய கம்பளி ஒண்ணு வாங்கினாங்களாம். அந்த ஒரே கம்பளிதான் மெஷினாளுங்க மூணு பேருக்கும். வயல்லயே மெஷினுக்கு அடியில ஒண்ணாப் படுத்துக்குவாங்களாம்" என்று அவள் சிரித்தாள். "உங்க வீட்டுக்காரருதான் ஊருக்கு வர்றப்ப, கைப்புள்ளக்காரன் நீ கொண்டு போன்னு இவருகிட்டயே குடுத்துட்டாராம். நல்ல கனமான கம்பளிக்கா. இவனுக்குத்தான் போத்தறேன்."

கேட் திறந்தது, பஸ் நகர்ந்தது. வேறு வேலையாகப் போய்க்கொண்டிருந்தவளை இழுத்துக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் போனேன். வழியெல்லாம் அவளிடம், வீட்டுக்குப் போனதும் அந்தக் கம்பளியைத் தொடாதே, குச்சியால் எடுத்துக் கொளுத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "உன் புருஷன ஒண்ணும் சொல்லிடாத" என்றும் சொன்னேன். அவள் ஏன் சொல்லப் போகிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். பாப்பாவின் கண்ணில் ஒன்றும் இல்லை, சுத்தமாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. பையனுக்கு இடுக்கியை எடுத்தார்.

ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. ரோட்டோர வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்று கையைத் தூக்கினேன். வயலுக்குச் சொந்தக்காரர் கத்தக் கத்த, என் வீட்டுக்காரர் பாதி வயலில் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். எங்களுக்கு ஆறடி தள்ளி வந்ததும் நின்றுவிட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தூக்கலாமா?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். எனக்குத் துணிச்சல் இல்லை. "தூக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றேன்.

வாங்கினார். வாங்கி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பாப்பா அவர் சட்டைப் பொத்தானை விலக்கி, நெஞ்சைத் தடவிப் பார்த்து, "அப்பா முடி எங்க? இது அப்பா இல்ல" என்று அழ ஆரம்பித்தாள். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. சுற்றிச் சுற்றிப் பிடிப்பதற்கு எதையோ தேடின அவள் கை கடைசியில் அவர் காதுமடலைப் பிடித்தது. அதைப் பிடித்தபடி, வயல்காரர் போட்ட சத்தத்திலேயே தூங்கிவிட்டாள். முடி மறுபடி வளர்ந்த பிறகும் அவள் பிடித்ததென்னவோ காதைத்தான்.

கம்பளிக் கதையை மட்டும் அவரிடம் சொன்னேன். "அடப்பாவி, நானே அதக் குடுத்தனுப்பிச்சனே, அவன் புள்ளைக்கும் வந்துச்சா" என்று அதற்கு வேறு வருத்தப்பட்டார்.

அந்தப் பாப்பாவுக்குத்தான் சென்ற ஆவணியில் கல்யாணம். மன்னார்குடியில் மண்டபம். பார்லரிலிருந்து வந்த பெண் பாப்பாவின் இமையில் ஒட்டு முடி வைத்துக்கொண்டிருந்தபோது அவர் ஏதோ கேட்க உள்ளே வந்தார். பார்த்ததும் பதறிப்போய், "கண்ணுல என்னம்மா ஒட்டியிருக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் விடவில்லை. பார்லர் பெண்ணிடம் முழுக் கதையையும் சொன்னார், இருபது வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிற கதை. அதில் எப்போதும் அந்த டாக்டரம்மாதான் பெரிய ஆள். "பன்னெண்டு நாள் தூக்கவே விடல தெரியுமா? அவ்ளோ கண்டிப்பு. அதனாலதான் எம்புள்ள கண்ணு இன்னிக்கு இப்படி இருக்கு." நான் தலைகுனிந்து தட்டில் பூவை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் கிளம்பினார்கள். காரில் ஏறும்முன் பாப்பா அவர் காதுமடலை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறிப் போய்விட்டாள்.

மண்டபம் காலியானது. பாத்திரக்காரர் அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த டாக்டரம்மா இப்ப எங்க இருக்காங்களோ. விசாரிச்சு அவங்களுக்கு ஒரு பத்திரிகை வச்சிருக்கலாம்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அந்தம்மா தூக்கக் கூடாதுன்னு சொல்லவே இல்லைங்க" என்றேன். "நான்தான் சொன்னேன். உங்க மேல சந்தேகப்பட்டு." ரயில்வே கேட்டில் உட்கார்ந்து நினைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையை யாரும் ஒதுக்க வேண்டாம் என்று அந்தம்மா சொன்னதையும் சொன்னேன்.

அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். என்னைப் பற்றி நீ அப்படியா நினைத்தாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் அதையெல்லாம் கேட்கவே இல்லை. கார் போன வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, அந்தப் பன்னெண்டு நாளும் தூக்கியிருக்கலாமா?" என்றார்.

"தூக்கியிருக்கலாம்" என்றேன்.